அந்த 'இல்லை'யைச் சொன்னது யார்?

வேலூரில் ஆரணி ரோட்டில், ஒரு டயர்க்கடைக்கு மேல்மாடியில், பதினோரு பேர் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனம் ஒன்று இருந்தது. சின்னச் சின்ன கிளினிக்குகளுக்கு நோயாளிகளின் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுப்பது அவர்கள் தொழில். அங்கே தணிகாசலம் என்று ஒருவன் சேர்ந்தான். வயது நாற்பத்து நாலு. பதினேழு வருடம் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, வீட்டில் உட்கார்ந்து தானாகவே பிஎச்பி என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்தவன்.

அவனுடைய வேலையைப் பார்த்துச் சரிசொல்ல வேண்டியவர் ரிஸ்வானா. வாணியம்பாடிக்காரர். அவனைவிடப் பதினோரு வயது இளையவர். அவன் அவரை மேடம் என்பான், அவர் அவனை அண்ணா என்பார். கற்றுக்கொடுக்கிறேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவன்தான் ஒரு நோட்டு வாங்கி, அவர் சொல்வதையெல்லாம் தேதி போட்டு எழுதி வந்தான். ஆறு மாதமாகியும் நோட்டில் ஒன்பது பக்கம்தான் நிரம்பியிருந்தது. அவர் அவ்வளவுதான் பேசுவார்.

நிறுவனத்தில் பழைய கோடு, அதாவது கம்ப்யூட்டர் நிரல், ஒன்று இருந்தது. கிளினிக்குகளின் பழைய பதிவுகளைத் தேடி எடுத்துத் தருவது அதன் வேலை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எழுதியது. எழுதியவர் கனடாவுக்குப் போய்விட்டார். அதில் ஒரு வரியைத் தொட்டால் எந்த மூலையில் எது உடையும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அதைத் தொடாமல், அதைச் சுற்றி உறை போல ஒரு ரேப்பர் கிளாஸ் எழுதும்படி தணிகாசலத்திடம் சொன்னார் ரிஸ்வானா. பழையது உள்ளேயே இருக்கும். யாருக்கு எது வேண்டுமானாலும் ரேப்பரிடம் கேட்க வேண்டும். ரேப்பர் உள்ளே போய் வாங்கி வந்து கொடுக்கும். கொடுக்கப்போவது எழுத்தா, எண்ணா, பட்டியலா என்று அது முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். அறிவித்தது ஒன்று, உள்ளேயிருந்து வந்தது வேறொன்று என்றால் பிஎச்பி அந்த இடத்திலேயே நின்று, வகை பொருந்தவில்லை என்பதற்கு டைப் எரர் என்று எழுதிவிடும்.

தணிகாசலம் எழுதி முடித்து ஓட்டிப் பார்த்தான். இருநூற்றுப் பன்னிரண்டு டைப் எரர் வந்தது.

அன்று வியாழக்கிழமை. தங்கையின் நிக்காவுக்காக ரிஸ்வானா ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருது மேடம். எப்படிச் சரிபண்றது?"

"ஒவ்வொண்ணா படிங்கண்ணா."

"படிச்சுட்டு?"

"அது என்ன சொல்லுதுன்னு கேளுங்க."

அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

அவன் ஒவ்வொன்றாகத்தான் படித்தான். சில இடங்களில் வயது எண்ணாக வராமல் எழுத்தாக வந்திருந்தது. அதை எண்ணாக்கினான். சில இடங்களில் தேதி கோணல்மாணலாக இருந்தது. அதை நிமிர்த்தினான். பிறகு மருந்து ஒவ்வாமை என்ற இடத்துக்கு வந்தான். எந்தெந்த மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று நோயாளி சொன்னதைப் பட்டியலாகத் தர வேண்டிய இடம் அது. பழைய கோடு சிலருக்குப் பட்டியல் தந்தது. சிலருக்கு ஒன்றும் எழுதாத வெறும் பட்டியல் தந்தது. மற்றவர்களுக்குப் பட்டியலே தராமல் 'நல்' என்று தந்தது. பிஎச்பியில் நல் என்றால், அந்த இடத்தில் இதுவரை யாரும் எதையும் வைக்கவில்லை என்பது.

அவன் அந்த வரியின் கடைசியில் இரண்டு கேள்விக்குறியும் ஒரு ஜோடி சதுர அடைப்புக்குறியும் போட்டான். நல் வந்தால் அதை வெறும் பட்டியலாக எடுத்துக்கொள் என்று அர்த்தம். ஒரே அடியில் நூற்று நாற்பது எரர் காணாமல் போயிற்று. தணிகாசலத்துக்கு ஏக சந்தோஷம். சாயங்காலத்துக்குள் மீதியையும் முடித்துவிட்டான்.

திங்கட்கிழமை ரிஸ்வானா பார்த்த பிறகுதான் புதியதை ஏற்றுவதாகப் பேச்சு. ஒரு எரர்கூட இல்லாதபோது எதற்காகக் காத்திருப்பது என்று அவனுக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை காலையில் காட்பாடியில் டாக்டர் கமலக்கண்ணனின் கிளினிக்கில் ஏற்றிவிட்டான். வெள்ளியும் சனியும் அங்கிருந்து ஒரு புகாரும் வரவில்லை.

திங்கட்கிழமை ரிஸ்வானா கை நிறைய மருதாணியோடு வந்தார். எல்லோருக்கும் பாதுஷா கொடுத்தார். பிறகு தணிகாசலத்தின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் எழுதியதை மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். ஒரு வரியில் நின்றார்.

"இந்த வரியால ஸ்க்ரீன்ல என்ன வரும்?"

"மருந்து ஒவ்வாமை, இல்லை. அப்படின்னு வரும் மேடம். பச்சை எழுத்துல."

"அந்த இல்லையைச் சொன்னது யாரு?"

"பழைய கோடு மேடம்."

"அது என்ன சொல்லுச்சு?"

"நல்."

"நல்னா?"

அவன் அந்த வரியைத் திரும்பவும் இரண்டு முறை படித்தான். வியாழக்கிழமை முழுக்க அந்த வார்த்தையைக் கண்ணால் பார்த்தவன், அது ஒரு மனிதரைப் பற்றிய செய்தி என்று அப்போதுதான் நினைத்தான்.

"அவங்ககிட்ட யாரும் இன்னும் கேக்கலன்னு அர்த்தம் மேடம்."

"அப்ப இல்லைன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

வெள்ளிக்கிழமையே காட்பாடியில் ஏற்றிவிட்டதையும் அவன் சொன்னான். ரிஸ்வானா கோபப்படவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, காட்பாடியில் ஏற்றியதை இறக்கி, பழையதை வைத்தார். அதன் பிறகு டாக்டருக்குப் போன் போட்டார்.

"சார், வெள்ளிக்கிழமையிலேர்ந்து உங்க ஸ்க்ரீன்ல ஒரு தப்பான தகவல் வந்திருக்கு. தப்பு எங்களோடது. இப்ப எடுத்துட்டோம். நேர்ல வரோம்."

பையை எடுத்துக்கொண்டார்.

"வாங்கண்ணா."

"நான் என்ன எடுத்துட்டு வரணும் மேடம்?"

"பேனா."

கிளினிக்கில் அன்று கூட்டம் அதிகம். டாக்டர் கமலக்கண்ணன் நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு இவர்களை உள்ளே அழைத்தார். அறுபது வயதுக்காரர். ரிஸ்வானா சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. நர்ஸ் எஸ்தரும் கதவோரமாக நின்று கேட்டாள்.

"ரெண்டு நாள்ல எத்தனை பேருக்கு இப்படி வந்திருக்கு?" என்றார் டாக்டர்.

"அம்பத்தேழு பேர் சார். லிஸ்ட் இருக்கு" என்றான் தணிகாசலம்.

எஸ்தர் மெதுவாகச் சொன்னாள். "முன்னாடி அந்த இடம் காலியா இருக்கும் சார். காலியா இருந்தா நான் கேட்டுடுவேன். வெள்ளிக்கிழமையிலேர்ந்து இல்லைன்னு பளிச்சுன்னு இருந்துச்சு. யாரோ கேட்டு எழுதியாச்சுன்னு விட்டுட்டேன்."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. தணிகாசலத்தைப் பார்த்தார். பிறகு ரிஸ்வானாவைப் பார்த்து, "இப்ப என்ன செய்யலாங்கிறீங்க?" என்றார்.

"கேக்கலாம் சார். அம்பத்தேழு பேரையும்."

"யார் கேக்கறது?"

"அண்ணா கேப்பாரு."

ஊசி போடும் அறையில் ஒரு மேஜையைக் காலிசெய்து கொடுத்தார்கள். கிளினிக்கின் போன், ஐம்பத்தேழு பெயர், எழுத ஒரு நீளத் தாள். எஸ்தர் மருந்துச்சீட்டு நகல்களை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். தணிகாசலம் தாளில் நடுவே கோடு இழுத்து, ஒரு பக்கம் 'உண்டு' என்றும் இன்னொரு பக்கம் 'இல்லை' என்றும் எழுதினான்.

முதலில் எடுத்தவர் ஒரு தேங்காய் வியாபாரி. "எனக்கு எல்லா மாத்திரையும் ஒத்துக்கும் சார். என் மச்சான் ஒருத்தன்தான் ஒத்துக்க மாட்டான்" என்று அவரே சிரித்தார். 'இல்லை'யில் எழுதினான்.

அடுத்தவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "கத்திரிக்காய் தின்னா அரிக்கும்" என்றார்.

"மருந்து ஏதாவது?"

"மருந்தெல்லாம் ஒண்ணுமில்லை. கத்திரிக்காய்தான். எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேம்மா."

பதினோராவது ஒரு வயதான பெண். "மூத்தவன் பொறந்தப்ப ஏதோ ஒரு ஊசி போட்டாங்க. போட்டதும் மயங்கிட்டேன். அரை நாள் கண்ணு தெறக்கல."

"என்ன ஊசிம்மா?"

"அது எங்க வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்."

"அவர் கிட்ட போனைக் குடுக்கறீங்களா?"

"அவர் போயி மூணு வருஷம் ஆச்சுப்பா."

தணிகாசலம் பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உண்டு என்று எழுதலாம். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இல்லை என்று எழுத முடியாது. ரிஸ்வானா ஜன்னலோரமாக நின்றிருந்தார். அவன் அவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவனே இன்னொரு கோடு இழுத்து, மேலே 'கேட்டாச்சு, தெரியவில்லை' என்று எழுதினான்.

முப்பத்தெட்டாவது பெயர் முனிரத்தினம். லாரி ஓட்டுகிறவர். சனிக்கிழமை சிறுநீர்க் கடுப்பு என்று வந்து மாத்திரை வாங்கிப் போனவர். போனில் அவருடைய குரல் குழறியது.

"வாய் வெந்து கெடக்கு சார். சட்டுனு சொல்லுங்க."

"உங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்காண்ணே?"

"ஆமா. ஒருதரம் ஓசூர்ல சல்ஃபா மாத்திரை குடுத்தாங்க. உடம்பு பூரா செவந்து தோலு கழண்டுபோச்சு. இனிமே அதைத் தொடவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

எஸ்தர் அதற்குள் அவருடைய சீட்டை உருவி எடுத்திருந்தாள். விரலை ஒரு வரியின் மேல் வைத்துத் தணிகாசலத்திடம் திருப்பிக் காட்டினாள். சனிக்கிழமை கொடுத்தது சல்ஃபா.

"அண்ணே, எத்தனை மாத்திரை போட்டீங்க?"

"நாலு. நேத்துலேர்ந்து உடம்பெல்லாம் செவப்பு செவப்பா இருக்கு. வண்டி சூடுன்னு எளநி குடிச்சுக்கிட்டிருக்கேன்."

"ஓசூர் விஷயத்தை இங்க யார்கிட்டயும் சொல்லலையாண்ணே?"

"யாரும் கேக்கல சார்."

எஸ்தர் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் போனை வாங்கி, "மாத்திரையைத் தொடாதீங்க. எங்க இருக்கீங்க? அங்கயே இருங்க, ஆம்புலன்ஸ் வருது" என்றார். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வரப்போகிறவருக்கு என்ன ஆகியிருக்கிறது என்பதை விளக்கிச் சொன்னார். எல்லாம் பத்து நிமிடத்தில் நடந்து முடிந்தது. டாக்டர் மறுபடி தன் அறைக்குப் போனார். வெளியே வரிசை அப்படியே நின்றிருந்தது.

தணிகாசலம் போனை மேஜையில் வைத்தான்.

"இதுக்கு மேல என்னால கேக்க முடியாது மேடம்."

"இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?"

"பத்தொம்பது பேர்."

எஸ்தர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் குடித்தான். முப்பத்தொன்பதாவது எண்ணை அழுத்தினான்.

அன்று மாலைக்குள் ஐம்பத்தாறு பேர் கிடைத்துவிட்டார்கள். ஒரு பெண்ணுக்குப் பென்சிலின் ஆகாது. நல்லவேளையாக அவருக்குக் கொடுத்திருந்தது வேறு மருந்து. இன்னும் மூன்று பேர் தெரியவில்லை என்றார்கள். மற்றவர்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. சிவகாமசுந்தரி என்ற ஒரு அம்மாவின் எண் மட்டும் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

முனிரத்தினத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று நாள் யாரையும் பார்க்க விடவில்லை. நான்காம் நாள் தணிகாசலம் ரிஸ்வானாவிடம் வந்து நின்றான்.

"நான் போய்ப் பாக்கட்டுமா மேடம்?"

"போங்க."

"என்ன சொல்றது?"

"நடந்ததை."

வார்டில் முனிரத்தினம் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். உதடு முழுக்க மருந்து பூசியிருந்தார்கள். கழுத்தில் தோல் சருகு மாதிரி உரிந்திருந்தது. மனைவி ஸ்பூனால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, தான் யார், என்ன வேலை, எந்த வரியில் என்ன எழுதினேன் என்று எல்லாவற்றையும் சொன்னான். பிஎச்பி, ரேப்பர் என்ற வார்த்தைகளே வராமல் சொல்ல முடிந்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த அம்மாள் ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவனையே பார்த்தார்.

முனிரத்தினம் கஷ்டப்பட்டுப் பேசினார்.

"நீ டாக்டரா?"

"இல்லண்ணே. கம்ப்யூட்டர்ல எழுதறவன்."

"என்னை முன்னப்பின்ன பாத்திருக்கியா?"

"இல்லண்ணே."

"பின்ன, எனக்கு எல்லாம் ஒத்துக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுண்ணே."

முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனைவி, "ஃபிளாஸ்க்ல சுடுதண்ணி தீந்துபோச்சு. கீழ கேன்டீன்ல கெடைக்கும்" என்றார். தணிகாசலம் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய் நிரப்பிக்கொண்டு வந்தான். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் போனான். ஒன்பதாம் நாள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த ஒவ்வாமை கண்ணையும் கெடுக்கலாமாம்; பார்வைக்கு ஆபத்தில்லை, வடு மட்டும் கொஞ்ச காலம் இருக்கும் என்றார்கள்.

இதற்கிடையில் அவன் ரேப்பரை முதலிலிருந்து எழுதினான். அந்த இரண்டு கேள்விக்குறிகளை எடுத்தான். நல் வந்தால் இனி அது எந்தப் பட்டியலாகவும் மாறாது. 'கேட்கவில்லை' என்ற பெயரோடு அப்படியே வெளியே போகும். கேட்டு இல்லை என்று வந்தது தனி. அதில் யார் கேட்டது, எந்தத் தேதியில் என்று இருக்கும். கேட்டும் தெரியவில்லை என்பது தனி.

எழுதி ஓட்டியதும் மறுபடி டைப் எரர் கொட்டியது. பட்டியல் மட்டுமே வரும் என்று நம்பியிருந்த இடங்கள் எல்லாம் வரிசையாக நின்றன. மருந்துச்சீட்டு எழுதும் பக்கம், ஊசி அறையின் ஸ்க்ரீன், டாக்டருக்கு மாதம் ஒருமுறை போகும் அறிக்கை. இந்தத் தடவை அவன் எதையும் தானாக அடைக்கவில்லை. ஒவ்வொரு எரருக்கும் எஸ்தருக்குப் போன் போட்டான்.

"சிஸ்டர், ஊசி போடப் போறீங்க. பேஷண்ட்டை இன்னும் யாரும் கேக்கல. ஸ்க்ரீன் என்ன பண்ணணும்?"

"நிக்கணும் சார்."

"ரிப்போர்ட்ல?"

"ரிப்போர்ட்ல கேக்காதவங்க எத்தனை பேருன்னு தனியா வரணும். டாக்டர் என்னைப் பாத்து முறைக்கணும்ல" என்றாள். போன வாரத்துக்குப் பிறகு அவள் குரலில் சிரிப்பு வந்தது அன்றுதான்.

"ஒவ்வொருத்தரையும் நிறுத்திக் கேட்டா வரிசை ரோடு வரைக்கும் நிக்குமே சிஸ்டர்?"

"நிக்கட்டும் சார்."

ரிஸ்வானா இரண்டு நாள் உட்கார்ந்து அதைப் படித்தார். ஒரு இடத்தில் பெயரை மாற்றச் சொன்னார். பிறகு டாக்டருக்குக் காட்டினார்கள். அவர் தானே ஒரு மணிநேரம் தட்டிப் பார்த்துவிட்டு, ஏற்றுங்கள் என்றார்.

கடைசி வேலையாக, போனில் கேட்ட பதில்களை ஒவ்வொன்றாகப் பதிவில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு மத்தியானம் தணிகாசலம் அதைச் செய்தான். கத்திரிக்காயையும் எழுதினான். ஐம்பத்தாறு முடிந்தது. பிறகு கை நின்றுவிட்டது. ரிஸ்வானா சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். அவன் எழுந்து அவரிடம் போனான்.

"சிவகாமசுந்தரி அம்மா மட்டும் கிடைக்கல மேடம்."

"ம்."

"சத்துவாச்சாரியில அவங்க வீட்டுக்கே நாலு தரம் போயிட்டேன். பூட்டியிருக்கு. மக வீட்டுக்கு பெங்களூர் போயிருக்காங்களாம். நல்லா இருக்காங்க, வாசல் கோலம் போடச் சொல்லி நேத்துகூடப் பேசினாங்கன்னு பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க. மகளோட நம்பரைத் தரமாட்டேன்னுட்டாங்க."

"சரி."

"முப்பது வருஷமாப் பக்கத்துல இருக்கேன், அவங்களுக்கு எந்த மாத்திரையும் ஒண்ணும் பண்ணதில்லைன்னு சத்தியம் பண்றாங்க மேடம். அந்த அம்மாவுக்கு என்ன எழுதட்டும்?"

ரிஸ்வானா டிபன் பாக்ஸின் மூடியைத் துடைத்தார்.

"உங்களுக்கு என்ன தெரியும்?"

இந்தத் தடவை பதில் சொல்லத் தணிகாசலத்துக்கு நேரம் ஆகவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்."

"அதையே எழுதுங்க."